தாமிரம் தென்பட்டால் யுரேனியமும் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில் சிங்கப்பூரும் அமெரிக்காவும் அணுசக்தி ஒத்துழைப்புக்கான 123 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, அணுமின்சாரம் பற்றிய பேச்சு நம்மிடையே பெருகியிருக்கிறது. உலையின் பாதுகாப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எரிபொருள் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: தாமிரம் கிடைக்கும் ஷியர் மண்டலத்தில் (பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து நசுங்கிய நீண்ட பட்டையில்) யுரேனியமும் கிடைத்துவிடும், ஒன்றின் அளவைக் கொண்டு மற்றொன்றைக் கணித்துவிடலாம் என்பது. இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதி தவறு. தாமிரத் தாதுத்தூளை வாங்கி விற்கும் அலுவலகங்களும், சுரங்கப் பங்குகளில் பணம் போடுவோரும், நிலவியல் படிக்கும் மாணவர்களும் உள்ள ஊர் இது என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஜார்க்கண்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கும் சிங்பூம் ஷியர் மண்டலம் இதற்குத் தக்க உதாரணம். அதன் தெற்கே மிகப் பழைய சிங்பூம் பாறைத்திட்டு. வடக்கே அதைவிட இளைய மடிப்புப் பாறைகள். வடபகுதி தென்பகுதியின் மேல் ஏறித் தள்ளியபோது, இடையில் சிக்கிய பாறைகள் நசுங்கி, இழுபட்டு, வடக்கு நோக்கிச் சாய்ந்த தகடுகளாகிவிட்டன. மோசாபோனி, சுர்தா, ராக்கா, கெந்தாடி ஆகிய தாமிரச் சுரங்கங்களும் ஜாதுகுடா, பாட்டின், நர்வாபஹார், துராம்டி, பாக்ஜாதா ஆகிய யுரேனியச் சுரங்கங்களும் இந்த ஒரே பட்டையில்தான் உள்ளன. ஜாதுகுடாவில் யுரேனியம் கண்டறியப்பட்டது 1951இல். இந்திய யுரேனியக் கழகம் 1967இல் அமைந்தது. ராக்கா தாமிரச் சுரங்கம் ஜாதுகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் பிரியாத இரட்டையர்போலத் தெரியும். தாதுவைக் கையில் எடுத்தால் கதை வேறு. ஜாதுகுடா தாதுவில் முதன்மையானது யுரேனினைட் என்ற யுரேனிய ஆக்சைடுக் கனிமம். சால்கோபைரைட், பைரைட், பைரோட்டைட், மாலிப்டினைட், நிக்கல்-கோபால்ட் சல்ஃபைடுகள், மேக்னடைட், அபடைட் எல்லாம் அதனுடன் இருந்தாலும் தாமிரம் அங்கே துணைப்பொருள் மட்டுமே. மோசாபோனியில் தாமிரமும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட்தான் தாது. யுரேனியம் ஆலைக் கழிவில் போய்ச் சேரும் சுவடு. சிங்பூம் யுரேனியத் தாதுக்களின் தரம் பெரும்பாலும் 0.03 முதல் 0.06 விழுக்காடு யுரேனிய ஆக்சைடு. தாமிரத் தாதுவின் தரமோ ஒரு விழுக்காட்டை ஒட்டியது. ஒரே துளையிலிருந்து எடுத்த மாதிரிகளின் தாமிர அளவை ஓர் அச்சிலும் யுரேனிய அளவை மற்றோர் அச்சிலும் குறித்தால், நேர்கோட்டுக்குப் பதிலாகச் சிதறிய புள்ளிகளே கிடைக்கும்.

இதற்கான காரணம் வேதியியலில் இருக்கிறது. யுரேனியம் +6 ஆக்சிஜனேற்ற நிலையில் (ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) இருக்கும்போது நீரில் எளிதாகக் கரையும். கார்பனேட், குளோரைடு, சல்ஃபேட் ஆகியவற்றுடன் பிணைந்து வெகுதூரம் பயணிக்கும். ஓர் எலக்ட்ரான் தானம் செய்பவரைச் சந்தித்து +4 நிலைக்கு இறங்கியதும் யுரேனினைட்டாகப் படிந்துவிடும். மேக்னடைட், பயோடைட் என்ற கருமைக்கா, குளோரைட் என்ற பச்சைத் தகட்டுக் கனிமம் (குளோரைடு அல்ல) ஆகியவற்றில் உள்ள ஃபெரஸ் (+2) இரும்பு அந்தத் தானத்தைச் செய்யும். கிராஃபைட்டும் சல்ஃபைடும் செய்யும். தாமிரம் சூடான, உப்பு மிகுந்த நீரில் குளோரைடுடன் பிணைந்து செல்கிறது. அது சால்கோபைரைட்டாகப் படிய ஒடுக்கப்பட்ட கந்தகம் வேண்டும், இரும்பு வேண்டும். நீர் குளிர்வதோ நீர்த்துப்போவதோ அமிலத்தன்மை குறைவதோ கைகொடுக்க வேண்டும். ஆக்சிஜனேற்றம் பெற்ற உப்புநீர் இரண்டையுமே சுமக்கக்கூடியது என்பதால்தான் இரண்டும் ஒரே மண்டலத்தில் காணப்படுகின்றன. ஆனால் ஒரே எம்ஆர்டி ரயிலில் ஏறிய இருவர் வெவ்வேறு நிலையங்களில் இறங்குவதுபோல, கந்தகம் இல்லாமல் இரும்பு மட்டும் உள்ள பாறையில் யுரேனியம் இறங்கிவிடும், தாமிரம் மேலே போய்விடும். கந்தகம் நிறைந்த இடத்தில் தாமிரம் குவியும். அங்கு வந்து சேரும் நீரில் யுரேனியம் முன்பே தீர்ந்துபோயிருக்கலாம்.

ஷியர் மண்டலம் இதில் செய்யும் வேலை பாதை அமைப்பது. பாறை அரைபடும்போது கனிம மணிகள் சிறுத்து, நீர் தொடும் பரப்பு பெருகுகிறது. ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பாறையைப் பிளக்கிறது. நீர் பாய்ந்ததும் அழுத்தம் வீழ்கிறது; கரைந்திருந்தவை படிந்து விரிசலை அடைக்கின்றன; மறுபடியும் அழுத்தம் ஏறுகிறது. மென்மையான குளோரைட் தகட்டுப்பாறை வழிந்து நெளியும்போது, அதை ஒட்டிய குவார்ட்சைட்டோ கூழாங்கல் பாறையோ சோடா கிரானைட்டோ நெளிய முடியாமல் உடையும். ஆகவே மெல்லியதும் கெட்டியானதும் சந்திக்கும் எல்லையில், சாய்வு திடீரென்று மாறும் வளைவுகளில், தாது தடிக்கிறது. மண்டலம் முழுவதும் சீராகத் தாது பரவியிருக்கும் என்று எதிர்பார்த்துத் துளைபோடுபவர் பணத்தை மண்ணில் புதைக்கிறார்.

எல்லா ஷியர் மண்டலங்களும் இப்படிப் பேறு பெற்றவை அல்ல. தமிழகத்தில் மோயாறு, பவானி, பாலக்காடு-காவிரி மண்டலங்கள் சிங்பூமைவிடச் சிறியவை அல்ல. ஆனாலும் அப்படிப்பட்ட யுரேனிய-தாமிரச் சுரங்கம் அங்கு ஒன்றும் இல்லை. மேலோட்டின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில், நீர் வற்றிய நிலையில் உருமாறிய பாறைகள் அங்கு மிகுதி. உப்புநீர் பெருகி ஓட வாய்ப்புக் குறைவு. மாறாக, ராஜஸ்தானில் சீகர் மாவட்டத்து ரோஹில் படிவில் யுரேனியத்துடன் தாமிரமும் மாலிப்டினமும் சேர்ந்தே கிடக்கின்றன. ஷியர் மண்டலமே இல்லாமலும் யுரேனியம் படியும்: ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் அது டோலமைட் சுண்ணாம்புப் படிவங்களுக்குள் இருக்கிறது, திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் கார்பனடைட் பாறையின் பைரோகுளோர் கனிமத்தில் இருக்கிறது.

இரண்டில் எது முதலில் வந்தது என்ற கேள்வியில் மாணவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். நுண்ணோக்கியில் யுரேனினைட் மணியின் விரிசல்களுக்குள் சால்கோபைரைட் புகுந்திருப்பதைக் கண்டதும் ‘யுரேனியம் முந்தியது, தாமிரம் பிந்தியது’ என்று எழுதிவிடுகிறார்கள். யுரேனினைட் நொறுங்கும் இயல்புடையது. சால்கோபைரைட் அழுத்தத்தில் வழியும் இயல்புடையது. இரண்டும் ஒரே காலத்தில் படிந்திருந்தாலும், பின்னால் வந்த நெரிசலில் வழிந்தது நொறுங்கியதன் விரிசலுக்குள் புகுந்திருக்கலாம். சிங்பூம் மண்டலம் ஒருமுறை அசைந்து ஓய்ந்ததில்லை. ஒரு பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பும், அதற்கு மிக முன்பும் அங்கு கனிமங்கள் மறுபடி கரைந்து படிந்த தடயங்கள் உள்ளன. வரிசையை நிறுவ வேண்டுமானால் யுரேனினைட்டின் வயதை நேரடியாக அளக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள பயோடைட்டிலும் குளோரைட்டிலும் கதிர்வீச்சு ஏற்படுத்திய கருவளையங்களைப் பார்க்க வேண்டும். பழைய யுரேனினைட்டுக்குள் காணும் கலீனா (ஈய சல்ஃபைடு) துகள்களில் உள்ளது பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டான ஈயமே. அந்த ஈயத்தைக் கண்டு தனி ஈயத் தாது இருப்பதாக அறிக்கை எழுதுவது வீண்.

களத்தில் ஏற்படும் தவறுகளில் முதலாவது பச்சை நிறம். தாமிரத் தாது மேற்பரப்பில் சிதைந்தால் மாலகைட் என்ற பச்சைக் கனிமம் உண்டாகும். தாமிரமும் யுரேனியமும் அபடைட்டிலிருந்து வரும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் டார்பர்னைட் உண்டாகும், அதுவும் பச்சை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் மாலகைட் நுரைக்கும், டார்பர்னைட் நுரைக்காது. கைவில்லையில் டார்பர்னைட் சதுரத் தகடுகளாகத் தெரியும். கதிர்மானி அதனருகே சத்தமிடும். புறஊதா விளக்கை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: கால்சியம் உள்ள ஆட்டுனைட் மஞ்சள்பச்சையாக ஒளிரும், டார்பர்னைட்டிலோ தாமிரம் அந்த ஒளிர்வை அணைத்துவிடும். தாமிரம் மிகுந்த இடத்தில் ஒளிர்வு இல்லை என்பதால் யுரேனியம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கதிர்மானி காட்டும் எண்ணும் யுரேனியத்தின் அளவு அல்ல. காமா கதிரின் பெரும்பகுதி யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214இலிருந்து வருகிறது. மழையில் யுரேனியம் கரைந்து ஓடிவிட்டு ரேடியம் மட்டும் தங்கியிருந்தால் கருவி உரக்கக் கத்தும். பாறையில் யுரேனியம் இருக்காது. சல்ஃபைடு சிதைந்து உண்டாகும் கந்தக அமிலம் இந்தக் கரைப்பை விரைவுபடுத்துவதால், தாமிரத் தாதுவின் துருப்பிடித்த மேற்தொப்பியில் இந்தக் கோளாறு மிகுதி. பயோடைட் மிகுந்த பாறையில் பொட்டாசியமும் காமா கொடுக்கும். மோனசைட் இருந்தால் தோரியம் கொடுக்கும். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, பொட்டாசியத்துக்கு 1.46, யுரேனியத்துக்கு 1.76, தோரியத்துக்கு 2.62 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று மூன்று சாளரங்களையும் தனித்தனியே பார்ப்பதே சரி. ஆய்வகத்தில் காமா முறையால் அளப்பதானால், பொடித்த மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து மூன்று வாரமாவது வைக்க வேண்டும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், பொடிக்கும்போது தப்பியோடிய ரேடான் மீண்டும் சமநிலைக்கு வர அவ்வளவு காலம் தேவை. அவசரப்பட்டு மறுநாளே அளந்தால் அளவு குறைவாகவே வரும்.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பாறை திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பாறைகளில் அது தரும் பொய்யான எண்கள் அறிக்கைகளுக்குள் எளிதாக நுழைந்துவிடுகின்றன. யுரேனியத்தின் முதன்மைக் கோடு 13.61 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது; ரூபிடியத்தின் கோடு 13.39இல். பயோடைட்டில் ரூபிடியம் ஏராளம். ‘சரி, யுரேனியத்தின் அடுத்த கோட்டைப் பார்ப்போம்’ என்று 17.22க்குப் போனால், 17.48இல் மாலிப்டினம் காத்திருக்கிறது; அதுவும் இந்தத் தாதுக்களின் கூட்டாளிதான். பயோடைட்டும் மாலிப்டினைட்டும் சேர்ந்த பாறையில் மில்லியனில் சில பத்துப் பங்கு யுரேனியம் என்று அந்தக் கருவி சொன்னால் அதை நம்ப முடியாது. நான்கு அமிலங்களில் ஏறக்குறைய முழுமையாகக் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் மட்டும் போதும் என்று நிறுத்தினால் யுரேனினைட் கரையும். பிரான்னரைட் போன்ற எளிதில் கரையாத கனிமங்களில் அடைபட்ட யுரேனியம் கரையாமல் வடிதாளில் தங்கிவிடும். தாமிரத்துக்கு எக்ஸ்ஆர்எஃப் நன்றாகவே உதவும்.

துளையிடும்போது நேரும் இழப்பும் ஒருபக்கச் சாய்வு உடையது. அரைபட்ட குளோரைட் தகடுகள் துளைநீரில் கழுவிப்போய், கெட்டியான குவார்ட்ஸ் துண்டுகள் மட்டும் பெட்டியில் சேரும். தாது மெல்லிய தகட்டில் இருந்தால் தரம் குறைத்துக் காட்டப்படும். குவார்ட்ஸ் நரம்பில் இருந்தால் கூட்டிக் காட்டப்படும். பாறைத்தண்டு கிடைத்த அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பகுதிகளைத் தனியே குறித்து, துளைக்குள் காமா கருவியை இறக்கி எடுத்த பதிவுடன் ஒப்பிட வேண்டும். இறக்குவதற்கு முன் துளையை நல்ல நீரால் அலச வேண்டும், இல்லாவிட்டால் சேறும் ரேடானும் எண்ணிக்கையை உயர்த்தும். இன்னொன்று தடிமன். 40 பாகை சாய்ந்த படலத்தைச் செங்குத்துத் துளை 1 மீட்டர் வெட்டினால் அதன் உண்மைத் தடிமன் 0.77 மீட்டர்தான். ‘10 மீட்டர் தாது கண்டோம்’ என்ற அறிவிப்பைப் படிக்கும் முதலீட்டாளர், அது துளை நீளமா உண்மைத் தடிமனா என்று பார்க்காமல் நகரக் கூடாது.

ஆலைக்குள் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றன. தாமிரத்தை முதலில் நுரைமிதப்பு முறையில் எடுக்கிறார்கள்: நன்றாக அரைத்து, சுண்ணாம்பால் பிஎச்சை உயர்த்தி, சல்ஃபைடு துகள்களைக் காற்றுக்குமிழில் ஒட்டவைக்கும் சாந்தேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் சால்கோபைரைட் நுரையுடன் மேலே வரும். யுரேனினைட் கழிவுடன் கீழே போகும். மோசாபோனி, சுர்தா, ராக்கா தாமிர ஆலைகளின் கழிவில் ஏறத்தாழ 0.01 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 100 கிராம் யுரேனிய ஆக்சைடு இருந்தது. அதை ஈர மேசைகளில் (கனமானதையும் இலேசானதையும் பிரிக்கும், நீர் ஓடும் சாய்தளங்களில்) ஓடவிட்டு, கனமான பகுதியைப் பிரித்து, ஜாதுகுடா ஆலைக்கு அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் மிக நுண்ணிய யுரேனினைட் துகளை மேசை பிடிக்காது, அது நீரோடு போய்விடும், மேக்னடைட்டோ கனமாக இருப்பதால் கூடவே வந்து சேரும். தாமிர ஆலை ஓடினால்தான் இந்த வேலையும் ஓடும் என்பது இன்னொரு பலவீனம்.

ஜாதுகுடாவில் தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். +4 யுரேனியத்தை +6க்கு ஏற்ற பைரோலூசைட் என்ற மாங்கனீசு தாதுவைச் சேர்க்கிறார்கள். இங்கே சல்ஃபைடு மிகுந்தால் அது ஆக்சிஜனேற்றியைத் தின்றுவிடும். அபடைட்டும் குளோரைட்டும் அமிலத்தைத் தின்னும். அபடைட் விடும் பாஸ்பேட் பின்னால் வரும் அயனிப் பரிமாற்றத்தையும் கெடுக்கும். தாமிரமும் சேர்ந்து கிடைக்கிறதே என்று மகிழும் முன் இந்தச் செலவுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

1975இல் கண்டறியப்பட்ட தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் இதை வென்ற இடம். அது நொறுங்கிய ஹெமடைட் பாறையில் அமைந்த படிவு என்பதால் சிங்பூமுக்கு நேர் ஒப்பாகாது; ஆனால் தாமிரமும் யுரேனியமும் தங்கமும் வெள்ளியும் ஒரே தளத்தில் பிரிக்கப்படுகின்றன. அங்கும் மிதந்து வந்த தாமிரத் தூளில் யுரேனியம் ஒட்டிக்கொள்வதால், உருக்கும் முன் அதை அமிலத்தில் கழுவுகிறார்கள். கழுவினாலும் பொலோனியம்-210, ஈயம்-210 ஆகியவை தூளிலேயே பெருமளவு தங்கிவிடும். உருக்கும் வெப்பத்தில் அவை ஆவியாகி, புகையின் தூசியில் சேரும்.

தாதுத்தூள் வணிகத்தில் இருப்போர் கவனிக்க வேண்டியது இதுதான். தூளில் யுரேனியம்-238 கிராமுக்கு 1 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுச்சிதைவு) என்பது மில்லியனில் சுமார் 80 பங்கு யுரேனியத்துக்குச் சமம். அனைத்துலக அணுசக்தி முகவையின் போக்குவரத்து விதிகளில் இயற்கைத் தாதுக்களுக்குப் பத்து மடங்கு சலுகை உண்டு: கிராமுக்கு 10 பெக்கரல், அதாவது ஏறத்தாழ 800 பங்கு. வாங்கும் நாட்டின் வரம்பு அதைவிடக் கடுமையாக இருக்கலாம். யுரேனியம் குறைவு என்று சான்றிதழ் சொன்னாலும் ஈயம்-210ஐயும் பொலோனியம்-210ஐயும் தனியே அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கழுவிய தூளில் யுரேனியத்தின் அளவு அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சுரங்கம் விட்டுச்செல்லும் கழிவைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. யுரேனியத்தை எடுத்த பிறகும் தாதுவின் கதிரியக்கத்தில் 85 விழுக்காடு அளவு கழிவிலேயே தங்கும். ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதற்கு முன்னோடியான தோரியம்-230இன் அரை ஆயுள் ஏறத்தாழ 75,000 ஆண்டு. வெறும் யுரேனியக் கழிவைவிடச் சல்ஃபைடு கலந்த கழிவு ஆபத்தானது: காற்றும் நீரும் பட்டால் அமிலம் ஊறி, உலோகங்களை இழுத்துக்கொண்டு வெளியேறும். அந்த நீரைச் சுண்ணாம்பால் நடுநிலைப்படுத்தி, பேரியம் குளோரைடு சேர்த்து ரேடியத்தைப் பேரியம் சல்ஃபேட்டுடன் படியவைக்கிறார்கள். சிகிச்சை ஒருநாள் நின்றாலும் கீழேயுள்ள ஓடையை நம்பி வாழும் கிராமம் அதைச் சுமக்கிறது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் ‘தூய எரிபொருள்’ என்று நாம் பேச வேண்டும்.

கடைசியாக உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். யுரேனியச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது உலோக அளவா, மூன்று யுரேனிய அணுக்களும் எட்டு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட ஆக்சைடின் அளவா என்பதைக் குறிப்பிடுங்கள். ஆக்சைடில் உலோகம் 84.8 விழுக்காடுதான், 0.05 விழுக்காடு ஆக்சைடு உள்ள ஒரு டன் தாதுவில் உலோகம் 424 கிராம், 500 கிராம் அல்ல. சந்தை விலை பெரும்பாலும் ஒரு பவுண்டு ஆக்சைடுக்குச் சொல்லப்படுகிறது. சுரங்க உற்பத்தியோ டன் உலோகத்தில் வருகிறது. ஒரு டன் உலோகம் ஏறத்தாழ 2,600 பவுண்டு ஆக்சைடுக்குச் சமம். இந்த எண்ணைச் செய்தியின் அடியில் ஒருவரி சேர்த்தாலே படிப்பவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
நிலவியல் துறை வாசகர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்